நீலத் தொப்பிக்காரனின் விலை

மார்ச் 3, திங்கள்

மேகன் சொன்னதால் இதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். "வீட்டில் அவர் என்னென்ன வார்த்தை சொல்கிறார், எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று தினமும் குறித்து வையுங்கள். தமிழில் சொன்னால் தமிழிலேயே எழுதுங்கள்" என்றாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, பனியை வழித்து, இவரைக் குளிப்பாட்டி, சமைத்து, அதற்குப் பிறகு நாட்குறிப்பு. சரி, எழுதுகிறேன்.

பொங்கலுக்கு மறுநாள் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு திரும்பிவிட்டது. வலது கை மடியில் சும்மா கிடக்கிறது. பேச்சுதான் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. மனதுக்குள் சரியாகத்தான் நினைக்கிறாராம். வாய்க்கு வருவதற்குள் வார்த்தை மாறிப்போகிறது, அல்லது வருவதே இல்லை. இங்கே கொலம்பஸில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவையே அதட்டி நடத்திய கோமதிநாயகத்துக்கு இன்று ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட மிச்சமில்லை. தமிழ் கொஞ்சம் இருக்கிறது.

இன்றைய வார்த்தைகள்: "வேண்டாம்", இட்லியைப் பார்த்து. "மழை", டிவி ரிமோட்டைக் காட்டி. "செம்பகம்", என்னைப் பார்த்து, கோபமாக.

மார்ச் 6, வியாழன்

இன்ஷூரன்ஸ்காரர்களோடு மத்தியானம் முழுக்கப் போன். பாட்டைப் போட்டுக் காக்க வைத்தார்கள். கடைசியில் ஒருத்தி வந்து, இந்த வருடத்துக்கான பேச்சுப் பயிற்சி ஏப்ரலோடு முடிந்துவிடும், அதற்கு மேல் வேண்டுமென்றால் நாங்களே பணம் கட்ட வேண்டும் என்றாள். "என் வீட்டுக்காரர் ரிமோட்டை மழை என்கிறார், இதற்குள் முடிந்துவிட்டது என்றால் எப்படி?" என்று கேட்டேன். ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றாள். அவள் குரலில் வருத்தமே இல்லை.

இவர் சம்பளம் பாதியாகிவிட்டது. அதுவும் கோடை வரைக்கும்தான்.

வார்த்தைகள்: "மழை", மூன்று நான்கு தரம். வெளியே வெயில்.

மார்ச் 9, ஞாயிறு

மகள் நித்திலா சியாட்டிலிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, அப்பாவோட பேஸ்பால் கார்டெல்லாம் சும்மா கிடக்கில்ல, வித்துடு" என்றாள். இந்த யோசனை எனக்கு ஏன் முதலிலேயே வரவில்லை?

கீழ்த்தளம் முழுக்க அட்டைப்பெட்டிகள். பேஸ்பால் கார்டு என்பது உள்ளங்கை அளவு அட்டை. முன்னால் ஆட்டக்காரர் படம், பின்னால் அவர் எத்தனை ஆட்டம் ஆடினார் என்கிற கணக்கு. ஒரு காலத்தில் சூயிங்கம் பாக்கெட்டுக்குள் போட்டுப் பிள்ளைகளுக்கு விற்றார்களாம். இந்த ஊருக்கு வந்த புதிதில், தொழிற்சாலையில் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள் என்று இவரும் ஆட்டம் பார்க்க ஆரம்பித்தார். அப்புறம் அட்டை வாங்க ஆரம்பித்தார். நான் கோவில்பட்டிக்காரி. எனக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது.

பெட்டியில் இல்லாத அட்டை ஒன்று உண்டு. இவருடைய மேசை டிராயரில் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் தனியாக இருக்கிறது. ஐம்பதுகளில் ஆடிய ஒரு பெரிய மட்டைக்காரர். பெயர் பலமுறை சொல்லியிருக்கிறார், நான் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நீலத் தொப்பி போட்டிருப்பார். சமையலறையை மாற்றிக் கட்ட எடுத்து வைத்த பணத்தில் அதை வாங்கி வந்தார். "செம்பகம், இது ஒண்ணு போதும், நமக்கு ஒரு ஆபத்துன்னா கைகொடுக்கும்" என்றார். நான் கத்திய கத்தலில் நித்திலா மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தாள்.

இன்றைக்கு டிராயரைத் திறந்து அதை எடுத்துக் காட்டினேன். "இதை வித்துரலாமா?" என்றேன்.

"வேண்டாம்" என்றார். தெளிவாக.

ஆபத்துக்கு உதவும் என்று சொன்னவர் இவர்தான். இதைவிட ஆபத்து வேறென்ன வரவேண்டுமாம்?

மார்ச் 11, செவ்வாய்

பெரிய ரோட்டில் கார்டு கடை வைத்திருக்கும் டென்னிஸிடம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். முதுகு போய்விட்டது. மூடியைத் திறந்து பார்த்ததுமே சிரித்துவிட்டார். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த அட்டைகளாம். பிற்காலத்தில் விலை ஏறும் என்று ஊரே வாங்கிப் பத்திரமாக வைத்ததாம். எல்லோரும் வைத்திருப்பதால் யாருக்கும் வேண்டாமாம். "பழைய கார்டுகளுக்கு ஏன் விலை தெரியுமா? அவங்க அம்மாக்கள் குப்பையில் போட்டுட்டாங்க" என்றார். முப்பது வருடமாக இவற்றைக் குப்பையில் போடவேண்டும் என்று நான் கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை.

"அப்போ எதுக்குத்தான் விலை?" என்று கேட்டேன். உட்காரவைத்துச் சொன்னார். யார் ஆடினார் என்பது முதல். அது அவருடைய முதல் வருட அட்டையா என்பது அடுத்தது. எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதும் பார்க்கவேண்டும். ஆனால் அரிதாக இருந்தால் மட்டும் போதாது, அரிதாக இருந்து யாரும் தேடாவிட்டால் அதுவும் குப்பைதான். இதெல்லாம் சரியாக இருந்தாலும் அட்டை எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்களாம். நான்கு மூலையும் கூராக இருக்கவேண்டும், படம் நடுவில் அச்சாகியிருக்கவேண்டும், மடிப்பு, கீறல், பேனாக் கிறுக்கல் இருக்கக் கூடாது. மூலை கொஞ்சம் மழுங்கினால் விலை பாதி. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று. சீதனப் பேச்சு நடத்துகிற மாதிரி இருந்தது.

போனில் நீலத் தொப்பிக்காரனின் படத்தைக் காட்டினேன். டென்னிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. இதைத் தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்புங்கள், அவர்கள் சோதித்து ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் போட்டுப் பெட்டியில் அடைத்துக் கொடுப்பார்கள், இந்த அட்டைக்கு ஏழோ எட்டோ வந்தால் நீங்கள் கேன்டீன் வேலைக்குப் போகவேண்டியதில்லை என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மார்ச் 15, சனி

தரம் பார்க்க அனுப்பப்போகிறேன் என்று சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூடினார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை வந்தது.

"வெட்டு."

"என்ன வெட்டணும்?"

"வெட்டு. வெட்டு."

தலைமுடி காதை மூடிக்கொண்டிருந்தது. காரில் ஏற்றி முடிவெட்டும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று அடம். நானும் கடைக்காரரும் கெஞ்சி உட்காரவைத்தோம். முடிவெட்டி முடித்தபோது கண்ணில் தண்ணீர். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. இந்த மனிதருக்கு என்னதான் வேண்டும்?

மார்ச் 16, ஞாயிறு

இன்றும் "வெட்டு". நகம் வெட்டிவிட்டேன். காய் வெட்ட உதவி செய்ய நினைக்கிறாரோ என்று வெண்டைக்காயையும் கத்தியையும் முன்னால் வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டார். வெண்டைக்காய் தரையெல்லாம் உருண்டது. நான் பொறுக்கினேன்.

சாயங்காலம் பார்த்தால் தானாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கி, எங்கிருந்தோ ஓர் அழுக்கு அட்டையை எடுத்து வந்து, உறையிலிருந்து நீலத் தொப்பிக்காரனை உருவி, அதன்மேல் இதை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு "செம்பகம், செம்பகம்" என்று காட்டினார். சின்னப் பிள்ளை விளையாடுகிற மாதிரி. அதுவும் பழக்கமில்லாத இடது கையால். மூலை மழுங்கினால் விலை பாதி என்று டென்னிஸ் சொன்னது நினைவுக்கு வந்து இரண்டையும் பிடுங்கி டிராயரில் போட்டு மூடினேன்.

மார்ச் 19, புதன்

தபாலில் அனுப்பிவிட்டேன். சீக்கிரம் வேண்டும் என்பதற்கும் காப்பீட்டுக்கும் சேர்த்து அவர்கள் வாங்கிய கட்டணத்தில் வீட்டுக்கு ஒரு மாத மளிகை வாங்கலாம்.

ரசீதைப் பார்த்ததும் மேசையை ஓங்கி அடித்தார். பயிற்சிக்கு வரமாட்டேன் என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். மேகனிடம் "வெட்டு" பற்றிக் கேட்டேன். சில சமயம் ஒரு சொல் வாயில் மாட்டிக்கொள்ளும், அதுவே திரும்பத் திரும்ப வரும், பொருள் இருக்கவேண்டும் என்று அவசியமில்லை என்றாள். மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

மார்ச் 24, திங்கள்

கேன்டீனில் பெரிய அடுப்பு ரிப்பேர். வீட்டில் துணி மெஷின் ரிப்பேர். வார்த்தைகள்: "வெட்டு", "தண்ணி", "நாளை".

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

வந்தது.

எண் இல்லை. பெட்டியும் இல்லை. அனுப்பிய உறையிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், ஒரு துண்டுச்சீட்டோடு. அட்டையின் விளிம்பு வெட்டப்பட்டிருப்பதால் தரம் போட இயலாது.

வெட்டப்பட்டிருக்கிறது.

அந்த வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. இவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டைக் காட்டினேன். ஆங்கிலம் இப்போது வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிக்கவேண்டிய தேவையும் இல்லை.

"இதைத்தான் சொன்னீங்களா?"

தலையாட்டினார்.

"முதல்லயே தெரியுமா உங்களுக்கு?"

எழுந்து டிராயரைத் திறந்தார். அடியிலிருந்து தொழிற்சாலையில் வைத்திருந்த அளவுகோலை எடுத்தார். அன்றைக்கு நான் பிடுங்கிக்கொண்ட அழுக்கு அட்டையையும் எடுத்தார். அதே வருடம் அதே கம்பெனி அச்சிட்டது, யாருக்கும் வேண்டாத ஆட்டக்காரன். அதை நீலத் தொப்பிக்காரன்மேல் வைத்தார். இந்த முறை நான் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் மயிரிழை அளவு நீலத் தொப்பிக்காரன் குட்டை. மழுங்கிப்போன விளிம்பை எவனோ கத்தி வைத்து நேராக நறுக்கியிருக்கிறான். அதனால்தான் மூலைகள் அவ்வளவு கூர்மை. அழகாக இருக்கிறதே என்று நாங்கள் எல்லோரும் பார்த்ததெல்லாம் அந்தக் கத்திதான்.

ஊரில் போகிற வருகிற இரும்புத் துண்டையெல்லாம் அளந்து பார்க்கிற மனிதர், வாங்கிய பிறகுதான் இதை அளந்திருக்கிறார். அளந்துவிட்டு டிராயரில் போட்டு மூடிவிட்டார்.

கட்டணப் பணம் போனது போனதுதான்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. பாயசம் மட்டும் வைத்தேன்.

நேற்று முழுக்க ஒன்றே கேட்டேன். "அப்பவே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" இன்றும் கேட்டேன். வார்த்தை தேடவே இல்லை. பாயசத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லியிருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அது வேறு விஷயம்.

முடிவெட்டும் கடையில் அழுதாரே. சரி, போகட்டும்.

ஏப்ரல் 18, வெள்ளி

பள்ளி விடுமுறை. இரண்டு பேரும் கீழ்த்தளத்தில் பெட்டிகளைத் திறந்து உட்கார்ந்தோம். நான் ஒவ்வொன்றாகக் காட்டுவேன், அவர் "ம்" அல்லது "வேண்டாம்". நன்றாகப் பளபளப்பதை எல்லாம் வேண்டாம் என்கிறார். மூலை உருண்டு, நடுவில் மடிந்து, ஏதோ பிள்ளை சட்டைப்பையில் வைத்துத் திரிந்த மாதிரி இருப்பதை "ம்" என்கிறார். டென்னிஸ் அவற்றை வாங்கிக்கொண்டார். அடிபட்டிருந்தாலும் ஐம்பது அறுபதுகளின் அசல் என்றார். ஒரு மாத மின்சாரத்துக்கும் மளிகைக்கும் ஆயிற்று.

வார்த்தைகள் இன்று நிறைய. "சின்னது", "பழசு", "அந்தப் பக்கம்", "போடு". மேகனிடம் சொல்லவேண்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

சொன்னேன். மேகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேச்சு திரும்பும் காலம் இதுதான், இப்போது விடக்கூடாது என்றாள். அடுத்த வாரத்தோடு இன்ஷூரன்ஸ் முடிகிறது என்றேன். அவளுக்கும் தெரியும். தனியாகக் கட்டணம் கட்டினால் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். காரில் வந்து உட்கார்ந்துதான் வாசித்தேன். அங்கே வாசித்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் நவநீதன் போன். கரூர்ப் பையன், இங்கே ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. தமிழ்ச் சங்கத்தில் இவரைப் பார்த்து இந்த அட்டைப் பைத்தியம் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. இவரிடம் கேட்காமல் ஒன்றும் வாங்கமாட்டான். "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. அங்கிள் அந்த நீலத் தொப்பி கார்டைக் கொடுக்கிற மாதிரி இருந்தா எனக்குச் சொல்லுங்க" என்றான்.

"அதுக்கு நம்பர் எதுவும் போடலைப்பா" என்றேன்.

"நம்பர் எதுக்குங்க? அங்கிளே பார்த்து வாங்கி வெச்சிருக்கார். அவர் கண்ணைவிடவா?"

அவன் விலை சொன்னான். மேகன் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு மேல் வரும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 26, சனி

நவநீதன் வந்தான். வெங்காய பஜ்ஜி போட்டேன்.

அவன் கையில் அட்டையைப் பார்த்ததும் இவர் கொஞ்சம் சத்தம் போட்டார். என்ன சொல்கிறார் என்று நவநீதன் கேட்டான். நான் பதில் சொன்னேன். அவன் எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு, சொன்ன விலைக்கு மேலேயே போட்டுக் காசோலை எழுதிக் கொடுத்தான்.

அவன் என்னிடம் வெட்டியிருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வார்த்தைகள்: குறிக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

சாம்பார், கோஸ் பொரியல். துணி மெஷினுக்கு ஆள் வந்து பார்த்தான். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 30, புதன்

காசோலையைப் போட்டுவிட்டேன். மேகனிடம் மூன்று மாதத்துக்கு முன்பணம் கட்டினேன். அவள் வாயெல்லாம் சிரிப்பாக அட்டவணை போட்டுக் கொடுத்தாள். இவர் பயிற்சி அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். படங்களைக் காட்டிக் காட்டிக் கேட்டாள். நாய், வீடு, கரண்டி. ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. களைப்பாக இருக்கும் என்றாள்.

சனிக்கிழமையிலிருந்து ஒரு சொல்லும் இல்லை. என் பெயர்கூட இல்லை. நான் ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனால் இடது கையால் சிந்திச் சிந்திச் சாப்பிடுகிறார்.

யாருக்காக இதைச் செய்தேன்? எனக்கு நகை வாங்கவா? பேச்சு வரட்டும் என்றுதானே? இவருக்கு ஒரு நாளாவது கேன்டீனில் நின்று பார்க்கத் தெரியுமா? நானும் ஏமாந்துதான் வந்தேன். எங்களை ஏமாற்றியவன் எங்கேயோ நன்றாக இருக்கிறான். நவநீதனுக்குப் பணம் பெரிதில்லை. அலமாரியில் வைத்து அழகு பார்க்கப்போகிறான், அவ்வளவுதான். பார்ப்பதற்கு என்ன குறைச்சல்?

மே 3, சனி

நித்திலாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். பேச்சுவாக்கில் வந்துவிட்டது.

கடைசி வரை கேட்டாள். பிறகு, "அப்பா என்ன சொன்னார்மா?" என்று கேட்டாள்.

"அவரு எங்க சொல்லுதாரு? அவருக்குத்தான் பேச்சு வரலையே."

"அன்னைக்கு ஏதோ சத்தம் போட்டார்னு சொன்னியே. என்ன சொன்னார்?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மே 4, ஞாயிறு

நவநீதன் வீட்டுக்குப் போனேன். போகும்முன் என் காசோலையை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சுவரில் விளக்கு போட்ட கண்ணாடி அலமாரி, அதில் நடுத்தட்டில் நீலத் தொப்பிக்காரன். உறைக்குக் கீழே ஓர் அட்டையில் இவர் பெயரை எழுதி ஒட்டியிருந்தான், இன்னாருடைய சேகரிப்பிலிருந்து என்று. காபி போடட்டுமா என்றான். வேண்டாம் என்றேன்.

"அந்தக் கார்டை வெட்டியிருக்குப்பா. விளிம்புல. அதுக்கு விலை கிடையாது."

சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். துண்டுச்சீட்டை எடுத்துக் கொடுத்தேன். வாசித்தான். தேதியைப் பார்த்தான்.

"இது நான் வர்றதுக்கு முன்னாடியே வந்திருக்குங்களே."

"ஆமா."

"அங்கிளுக்குத் தெரியுமா?"

"தெரியும். ரொம்ப நாளாவே."

"அப்போ அன்னைக்கு அங்கிள் அவ்வளவு கத்தினாரே..." அவன் நிறுத்தினான். "என்ன சொன்னார் அவர்?"

"வெட்டுன்னு சொன்னாரு. வெட்டியிருக்கு, வாங்காதேன்னு உன்கிட்டச் சொன்னாரு."

"நீங்க, பிரிய மனசில்லாம அழறார்னு சொன்னீங்க."

"ஆமா."

"அதைக் கேட்டுத்தான் ஆன்ட்டி நான் கூடப் போட்டுக் கொடுத்தேன்."

காசோலையை மேசையில் வைத்தேன். அவன் அலமாரியைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தான். அடியில் ஒட்டியிருந்த பெயரையும் உரித்தான். அந்தப் பெயர்ச்சீட்டை மட்டும் என்னிடம் தரவில்லை, தன் பையில் வைத்துக்கொண்டான். வாசல்வரை வந்து, "அங்கிள்மேல எனக்குக் கோபம் இல்லைன்னு சொல்லுங்க. உங்க மேலதான்" என்றான்.

சரியான பேச்சு. ஆனாலும் காரில் உட்கார்ந்து அவனைத் திட்டினேன். என்னைத் திட்ட வேறு ஆள் இல்லாததால் அதையும் நானே செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொல்லவேண்டும் என்று நினைத்தேன். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். அல்லது தூங்குவது மாதிரி இருந்தார்.

மே 5, திங்கள்

மேகனிடம் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டேன். காரணம் கேட்டாள், குடும்ப விஷயம் என்றேன். அவள் கோபப்படவில்லை. பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் நடத்தும் பயிற்சி வகுப்பு ஒன்று உண்டாம், கட்டணம் மிகக் குறைவாம், அவளே போன் செய்து ஜூனில் இடம் வாங்கிக் கொடுத்தாள். கற்றுக்குட்டிகள்தான், பொறுமையாக இருங்கள் என்றாள். இப்படி ஒன்று இருப்பதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? யாரும் எதையும் எனக்கு முதலில் சொல்வதில்லை.

இந்தியக் கடையில் சனி ஞாயிறு கல்லாவுக்கு ஆள் வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். கேட்டிருக்கிறேன்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நீலத் தொப்பிக்காரனை இவர் முன்னால் வைத்தேன்.

"நவநீதன்கிட்டப் பணத்தைக் கொடுத்துட்டு வாங்கிட்டு வந்துட்டேன். நீங்க என்ன சொன்னீங்கன்னும் சொல்லிட்டேன். நான் என்ன சொன்னேன்னும் சொல்லிட்டேன்."

அட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வெகு நேரம். எனக்குத்தான் தாங்கவில்லை. ரசத்தை எடுக்கிற மாதிரி எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துப் பிரித்து அட்டையை வெளியே எடுத்திருந்தார். அதை மேசையில் வைத்து, இடது கையால் வலது கையைத் தூக்கி அதன் ஓரத்தில் கல்லைப்போல வைத்து நகராமல் பிடித்துக்கொண்டார். இடது கையைக் காற்றில் ஆட்டி என்னிடம் எதையோ கேட்டார். கரண்டியைக் கொடுத்தேன். வேண்டாம். தண்ணீரா? வேண்டாம். கடைசியில் நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பேனாவைக் காட்டினார்.

மருத்துவமனையிலிருந்து வந்தபின் அவர் பேனாவைப் பிடித்ததில்லை. மேகன் எவ்வளவோ முயன்றாள். பேனாவை விரல்களுக்கு நடுவே சொருகிவிட்டேன். அட்டையைக் குனிந்து பார்த்தார். ஒரு சின்னக் கிறுக்கல் விழுந்தாலும் விலை போய்விடும் என்று எங்கள் பெண்ணைத் தொடவிடாமல் வைத்திருந்த அட்டை. அந்த நீலத் தொப்பியின் மேலேயே பேனாவை வைத்து அழுத்தினார்.

முதல் எழுத்துக்கே ரொம்ப நேரம் ஆனது. கொம்பு கோணிக்கொண்டு விளிம்பைத் தாண்டி மேசை விரிப்பில் போனது. நெற்றியெல்லாம் வேர்வை. நான் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன், தோளால் தள்ளிவிட்டார். அடுத்த எழுத்து ஆட்டக்காரனின் முகத்தின்மேல் விழுந்தது. எழுதி முடித்துவிட்டார் என்று நினைத்துப் பேனாவை வாங்கக் கையை நீட்டினேன். தரவில்லை. அட்டையை உற்றுப் பார்த்தார். மறுபடி குனிந்து, பேனா முனையால் மேலே ஒரு குத்து குத்திப் புள்ளி வைத்தார்.

பொய் என்று எழுதியிருந்தார்.

இனி அதை யாராலும் யாரிடமும் விற்க முடியாது.

பிறகு ரசம் ஆறிவிட்டது என்று தட்டைக் காட்டினார். சூடு பண்ணிக் கொண்டுவந்தேன். என் கையால் நான்கு கவளம் வாங்கிக்கொண்டார்.